‘சம்சாரம் அது மின்சாரம்’: வீட்டுக்கு நடுவே ஒரு கோடு... விசு படம் உண்மையில் என்ன சொன்னது? இன்றைக்கு சட்டம் என்ன சொல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து டிவியைப் போட்டால் ஏதோ ஒரு சேனலில் ‘சம்சாரம் அது மின்சாரம்’ ஓடிக்கொண்டிருக்கும். பாதியிலிருந்து பார்க்க ஆரம்பித்தாலும் யாரும் சேனலை மாற்ற மாட்டார்கள். ஏன்னா, அந்த வீட்டில் நடப்பது ஏதோ ஒரு வகையில் நம் வீட்டிலும் நடந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் வன்னியம்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தில் நூல் மில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா என்று ஆளுக்கொரு வேலைக்குப் போய், ஒரே வீட்டுக்குத் திரும்பும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் இது. மூத்தவன் எவ்வளவு கொடுக்கிறான், இளையவன் எவ்வளவு கொடுக்கிறான், கல்யாணமாகிப் போன தங்கச்சிக்கு யார் செய்வது? இந்தக் கணக்கு ஓடாத வீடு இங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எங்கேயுமே குறைவுதான்.

இந்தக் கணக்கைத்தான் விசு 1986-ல் திரைக்குக் கொண்டுவந்தார். ஆனால் ‘கூட்டுக்குடும்பமா இருங்க’ என்று சொல்லும் படமாகவே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். படத்தின் கடைசி முடிவு அதற்கு நேர் எதிரானது. அது என்ன, ஏன் இன்றும் முக்கியம், அந்த வீட்டுப் பிரச்சினைக்கு இன்றைய சட்டம் என்ன பதில் சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

● ‘சம்சாரம் அது மின்சாரம்’ 1986 ஜூலை 18-ல் வெளியானது. தயாரிப்பு ஏவிஎம். எழுத்து, இயக்கம் விசு.

● சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதை வென்ற முதல் தமிழ்ப் படம் இதுதான்.

● பிரிந்த குடும்பம் ஒன்று சேர்கிறது. ஆனால் மூத்த மருமகள் தனிக்குடித்தனம் போகிறார். இதுதான் படத்தின் முடிவு.

● அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீட்டில், அவர் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகள் பங்கு கேட்டு வாங்க முடியாது.

● அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு.

படம் எப்படி உருவானது?

விசு அடிப்படையில் நாடகக்காரர். இயக்குநர் பாலச்சந்தரிடம் வேலை பார்த்தவர். ‘குடும்பம் ஒரு கதம்பம்’ (1981) படத்துக்குக் கதை எழுதினார். ‘மணல் கயிறு’ (1982), ‘டௌரி கல்யாணம்’ (1983) என்று இயக்குநராகவும் பெயர் வாங்கினார். எல்லாமே நடுத்தரக் குடும்பம், கல்யாணம், காசு, கௌரவம் சுற்றி வரும் கதைகள்.

‘உறவுக்கு கை கொடுப்போம்’ என்று விசு எழுதிய ஒரு நாடகம் 1975-லேயே அதே பெயரில் படமாக வந்திருந்தது. அந்தக் கதையைத்தான் பதினோரு வருஷம் கழித்து ஏவிஎம்முக்காக மறுபடியும் கையில் எடுத்தார். கதை ரொம்ப கனமாக இருக்கிறது, சிரிக்க ஒரு ஆள் வேண்டும் என்று தயாரிப்பாளர் எம்.சரவணன் யோசனை சொல்ல, வேலைக்காரி கண்ணம்மா உள்ளே வந்தார். அந்த வேடத்தில் மனோரமா. ‘கம்முனு கெட’ என்று அவர் பேசியது இன்றுவரை மீம்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இசை சங்கர்-கணேஷ், பாடல்கள் வைரமுத்து. படத்தில் பெரிய ஸ்டார் யாரும் கிடையாது. சண்டைக்காட்சி, வெளிநாட்டு லொக்கேஷன் எதுவும் இல்லை. முக்கால்வாசிக் கதை ஒரே வீட்டுக்குள். ஆனாலும் ஜெயித்தது.

தெலுங்கில் எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில் ‘சம்சாரம் ஒக சதரங்கம்’, இந்தியில் ரேகா, ராஜ் பப்பர், அனுபம் கேர் நடித்த ‘சன்சார்’, கன்னடத்தில் ‘ஒந்தே கூடின ஹக்கிகளு’, மலையாளத்தில் சத்யன் அந்திக்காடு இயக்கிய ‘குடும்பபுராணம்’ என நான்கு மொழிகளுக்குப் போனது. ஒரு சென்னை நடுத்தர வீட்டுக் கதை இத்தனை மாநிலங்களிலும் எடுபட்டதற்கு ஒரே காரணம்தான். சண்டை எல்லா ஊரிலும் ஒரே சண்டை.

வீட்டுக்குள் யார் யார்?

● அம்மையப்ப முதலியார் (விசு): குடும்பத் தலைவர். மனைவி கோதாவரி (கமலா காமேஷ்).

● சிதம்பரம் (ரகுவரன்): மூத்த மகன். நல்ல வேலை, ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குப் பார்ப்பவர். அவர் மனைவி உமா (லட்சுமி).

● சிவா (சந்திரசேகர்): அடுத்த மகன், தொழிலாளி. அவர் மனைவி வசந்தா (மாதுரி).

● பாரதி (ஹாஜா ஷெரிப்): கடைசி மகன். பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்பவன்.

● சரோஜினி (இளவரசி): மகள். அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி, பீட்டரை (திலீப்) காதலித்து மணக்கிறார். பீட்டரின் அப்பா ஆல்பர்ட் பெர்னாண்டஸாக நடித்தவர் கிஷ்மு. இவர் விசுவின் உடன்பிறந்த தம்பி.

● கண்ணம்மா (மனோரமா): வேலைக்காரி. ஆனால் அந்த வீட்டு விஷயம் எல்லாம் தெரிந்தவர்.

சண்டை எங்கே ஆரம்பிக்கிறது?

இங்கேதான் விசுவின் கணக்கு நுட்பமானது. வீடு உடைவதற்கு வில்லன் யாரும் வரவில்லை. சொத்துப் பத்திரம் திருடு போகவில்லை. உமா பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறார். அவ்வளவுதான்.

மனைவி வீட்டில் இல்லை, அப்போ சாப்பிடும் வாய் ஒன்று குறைவு, அதனால் நான் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார் சிதம்பரம். கணக்குப்படி பார்த்தால் அதில் தப்பில்லை. ஆனால் குடும்பம் மெஸ் இல்லையே! அப்பாவுக்குச் சுருக்கென்று படுகிறது. வார்த்தை தடிக்கிறது. வெளியே போ என்கிறார் அப்பா. இதுவரை நான் குடும்பத்துக்குப் போட்ட பணத்தைக் கொடு, போகிறேன் என்கிறார் மகன்.

அப்போதுதான் வீட்டுக்கு நடுவே அந்தக் கோடு விழுகிறது. அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் மற்றவர்கள். யாரும் யாருடனும் பேசக்கூடாது.

இதே நேரத்தில் மற்ற இரண்டு கல்யாணங்களும் ஆடிக்கொண்டிருக்கின்றன. கொழுந்தன் பாரதிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் வசந்தாவின் நேரமெல்லாம் போகிறது. புதிதாகக் கல்யாணமான கணவனும் மனைவியும் தனியாகப் பேசக்கூட அந்த வீட்டில் இடமில்லை, நேரமில்லை. கோபத்தில் வசந்தா தாய் வீட்டுக்குப் போய்விடுகிறார். புகுந்த வீட்டில் ஒத்துப்போகாமல் சரோஜினி திரும்பி வந்துவிடுகிறார்.

கைக்குழந்தையோடு திரும்பி வரும் உமா பார்ப்பது இதைத்தான். கிளம்பும்போது ஒரு குடும்பம். வரும்போது இரண்டு.

முடிவைப் பலரும் தப்பாக ஞாபகம் வைத்திருப்பது ஏன்?

அதற்குப் பிறகு உமாவும் கண்ணம்மாவும் சேர்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறார்கள். வசந்தா திரும்புகிறார். சரோஜினி-பீட்டர் வாழ்க்கை சரியாகிறது. அப்பாவும் மகனும் பேசிக்கொள்கிறார்கள். கோட்டுக்கு வேலை இல்லாமல் போகிறது.

வழக்கமான படமாக இருந்தால் இங்கே எல்லோரும் வரிசையாக நிற்க ‘சுபம்’ போட்டிருப்பார்கள். விசு போடவில்லை. சேர்த்து வைத்த உமாவே, நாங்கள் தனியாகப் போகிறோம் என்கிறார்.

அவர் சொல்லும் காரணத்தை நம் வார்த்தையில் சொன்னால் இப்படி வரும்: ஒரு தடவை உடைந்ததை ஒட்டியாயிற்று. அதே கூரைக்குக் கீழே அதே கணக்கோடு மறுபடி இருந்தால், மறுபடி உடையும். அடுத்த தடவை ஒட்ட முடியுமா என்று தெரியாது. பாசம் இருக்கும்போதே கொஞ்சம் தள்ளி இருந்தால், லீவு நாளில் ஆசையாக வந்து பார்க்கலாம்.

ஆக, இது கூட்டுக்குடும்பத்தைப் போற்றும் படமும் இல்லை, தனிக்குடித்தனத்தைப் புகழும் படமும் இல்லை. சண்டை போட்டுப் பிரிவது வேறு, பேசிப் பிரிவது வேறு என்று சொன்ன படம். தலைப்பின் அர்த்தமும் இதுதான். மின்சாரம் விளக்கும் எரிக்கும், ஷாக்கும் அடிக்கும். கை வைக்கிற விதத்தில்தான் இருக்கிறது.

27 வருஷத்துக்கு முன்னால் ஒரு சுவர்

இந்தக் கோட்டுக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1959 தீபாவளிக்கு வந்த ‘பாகப்பிரிவினை’. ஏ.பீம்சிங் இயக்கம், சிவாஜி கணேசன், சரோஜா தேவி, எம்.ஆர்.ராதா நடிப்பு. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. இந்தியில் ‘கான்தான்’ (1965) என்று எடுத்தபோது, சிவாஜி செய்த வேடத்தில் நடித்த சுனில் தத் பிலிம்பேர் விருது வாங்கினார்.

அதில் அண்ணன் தம்பி இருவரின் கிராமத்துக் குடும்பம் பிரிகிறது. பிரிப்பது யார்? சிங்கப்பூரிலிருந்து வந்து சேரும் சிங்காரம், அதாவது எம்.ஆர்.ராதா. கெட்டவன் ஒருவன் வெளியிலிருந்து வந்தான், குடும்பம் உடைந்தது, கடைசியில் சேர்ந்தது. 1959-ல் கதை அப்படி.

1986-ல் விசு அந்த வெளியாளை எடுத்துவிட்டார். யாரும் வந்து கெடுக்க வேண்டாம், மாதச் சம்பளமும் மளிகைச் செலவுமே போதும் என்றார். இரண்டு படத்துக்கும் நடுவே தமிழ்நாடு எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நிலத்தில் எல்லோரும் சேர்ந்து உழுதபோது யார் எவ்வளவு சம்பாதித்தார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. சம்பளக் கவர் வந்ததும் அது பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டது.

இன்னும் மாறியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தில் சராசரியாகச் சுமார் 4 பேர்தான். அம்மையப்ப முதலியார் வீட்டில் ஒரு வேளைக்கு எத்தனை இலை விழும் என்று எண்ணிப் பாருங்கள். உமா அன்று தயங்கித் தயங்கிச் சொன்ன முடிவு, இன்று சாதாரணமாகிவிட்டது.

படத்தில் இடிக்கும் இடம் எது?

நல்ல படம் என்பதற்காக எல்லாமே சரி என்று சொல்லத் தேவையில்லை. இன்று பார்க்கும்போது இரண்டு விஷயம் உறுத்தும்.

ஒன்று, உடைப்பது பெரும்பாலும் ஆண்கள், ஒட்டுவது பெண்கள். அப்பாவின் கோபம், மகனின் கணக்கு இரண்டும் சேர்ந்து போட்ட கோட்டை அழிக்க, பிரசவம் முடிந்து வந்த மருமகளும் வீட்டு வேலைக்காரியும்தான் அலைகிறார்கள். உமா அவ்வளவு கெட்டிக்காரியாக இல்லாவிட்டால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும்? படம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இரண்டாவது, சண்டையெல்லாம் பணத்தைப் பற்றி. ஆனால் மகளுக்கும் அந்த வீட்டில் உரிமை உண்டா என்ற பேச்சு பெரிதாக எழவே இல்லை. 1986-ல் அது ஆச்சரியமில்லை. மகளுக்குச் செய்ய வேண்டியது கல்யாணச் செலவு, அதோடு முடிந்தது என்று நினைத்த காலம். அதற்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது. பல வீடுகளில் நினைப்புதான் இன்னும் மாறவில்லை.

அம்மையப்ப முதலியார் வீட்டுக்கு இன்றைய சட்டம் என்ன சொல்லும்?

படத்தில் வரும் கேள்விகளையே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் பார்க்கலாம். இது இந்து வாரிசுரிமைச் சட்டப்படியான பொதுவான விளக்கம். உங்கள் வீட்டு விவகாரத்துக்குப் பத்திரங்களோடு ஒரு வக்கீலைப் பார்ப்பதே சரி.

1. அப்பா மகனை ‘வெளியே போ’ என்று சொல்லலாமா?

வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால், அது அவருடைய வீடு. வயதுக்கு வந்த மகன் அதில் உரிமையாகத் தங்க முடியாது. அப்பாவின் சம்மதத்தில்தான் தங்குகிறார். அப்பா உயிரோடு இருக்கும்போது ‘என் பங்கைப் பிரிச்சுக் கொடு’ என்றும் கேட்க முடியாது.

பூர்வீகச் சொத்து என்றால் கதையே வேறு. அதில் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே உரிமை வருகிறது. அப்பா இருக்கும்போதே பாகப்பிரிவினை கேட்கலாம். அதனால் எந்தச் சண்டையிலும் முதலில் பார்க்க வேண்டியது, சொத்து எப்படி வந்தது என்பதுதான்.

2. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தைச் சிதம்பரம் திருப்பிக் கேட்க முடியுமா?

பொதுவாகக் கஷ்டம். சேர்ந்து வாழும்போது சாப்பாட்டுக்கும், கரண்டு பில்லுக்கும், தங்கச்சி கல்யாணத்துக்கும் கொடுத்த பணம் கடனாகிவிடாது. கடன் என்று சொன்னால் அதற்கு எழுத்தோ வேறு ஆதாரமோ காட்ட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாடி கட்டுவதற்கு மகன் பணம் போடுவது, மனை வாங்க மகள் நகையை அடகு வைத்துக் கொடுப்பது, இதெல்லாம் நம் ஊர்களில் சர்வ சாதாரணம். பத்திரம் மட்டும் அப்பா பெயரில் இருக்கும். நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் ‘நான்தான் போட்டேன்’ என்ற வாய்வார்த்தை கோர்ட்டில் நிற்பது சிரமம். பணத்தை வங்கி மூலம் அனுப்புவதும், எதற்கு என்று ஒரு தாளில் எழுதி வைப்பதும் பாசக் குறைவு இல்லை. பின்னால் பாசம் குறையாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு.

3. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டால் வீடு யாருக்கு?

சொந்தச் சம்பாத்திய வீடு என்று வைத்துக்கொள்வோம். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும் முதல் நிலை வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு.

படத்தில் கோதாவரி, மூன்று மகன்கள், ஒரு மகள். மொத்தம் 5 பேர். ஆக, ஆளுக்கு 5-ல் 1 பங்கு. மூத்தவருக்குக் கூடுதலாகக் கிடையாது. நிறையச் சம்பாதித்தவருக்கும் கூடுதலாகக் கிடையாது. பரீட்சையில் தோற்ற பாரதிக்கும் அதே பங்குதான். அப்பாவின் விருப்பத்துக்கு மாறாகக் கிறிஸ்தவரை மணந்த சரோஜினிக்கும் அப்பாவின் வாரிசு என்ற முறையில் அதே பங்குதான்.

4. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை எப்போது வந்தது?

இது மூன்று படிகளாக நடந்தது.

● 1989: தமிழ்நாடு அரசு மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு இல்லை. அதாவது, 1986-ல் கல்யாணமான ஒரு பெண் இதற்குள் வரமாட்டார்.

● 2005: மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்தது. கல்யாணமானவர், ஆகாதவர் என்ற வித்தியாசம் போனது.

● 2020: அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தால் மகளுக்கு உரிமை உண்டா என்ற குழப்பம் இருந்தது. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது. உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினையை இந்தத் திருத்தத்தை வைத்துத் திறக்க முடியாது. மதம் மாறிய கல்யாணமாக இருந்தால், எந்தச் சட்டப்படி பதிவானது என்பதைப் பொறுத்துப் பூர்வீகச் சொத்து உரிமை மாறலாம். இந்த இடத்தில் கட்டாயம் வக்கீல் ஆலோசனை தேவை.

5. பிள்ளைகள் எல்லோரும் தனியாகப் போய்விட்டால் அப்பா அம்மாவுக்கு என்ன வழி?

உமா செய்ததுபோல லீவு நாளில் வந்து பார்த்தால் பிரச்சினையே இல்லை. பார்க்கவே இல்லை என்றால்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். மகன், மகள் இருவருக்குமே இந்தப் பொறுப்பு உண்டு.

கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிறகு கைவிடப்பட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யவும் இதே சட்டத்தின் 23-வது பிரிவில் வழி இருக்கிறது. அதனால் தான செட்டில்மென்ட் எழுதும்போது, கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

சண்டை வருவதற்கு முன்னால் என்ன செய்யலாம்?

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். பாகப்பிரிவினை வழக்கு எப்படி இழுக்கும் என்பது இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியும் தனித்தனி வக்கீலோடு, கோர்ட் வாசலில் ஒரே டீக்கடையில் முகம் பார்க்காமல் நிற்பதைவிட, வீட்டிலேயே உட்கார்ந்து பேசுவது எவ்வளவோ மேல். அதற்குச் சில வழிகள்:

● மாதச் செலவு எவ்வளவு, யார் எவ்வளவு கொடுப்பது என்பதை எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவு செய்யுங்கள். வேலை போனால், பிரசவம் வந்தால், ஆள் குறைந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பேசுங்கள். சிதம்பரம் வீட்டில் யாரும் பேசாமல் விட்டது இதைத்தான்.

● பிரிவது என்று முடிவானால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு வெளியாட்களுக்கு விற்பதைவிட முத்திரைத் தீர்வை மிகக் குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு.

● மகள்களை விட்டுவிட்டுப் பத்திரம் போடாதீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதை முறைப்படி விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்க வேண்டும். ‘தங்கச்சி ஒண்ணும் சொல்ல மாட்டா’ என்று நம்பிப் போட்ட பத்திரங்கள்தான் பின்னால் வழக்காகின்றன. அதே நேரம், கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்தத் தங்கச்சிக்கும் கட்டாயம் இல்லை.

● அப்பா அம்மா தங்க ஒரு இடமும், கையில் ஒரு வருமானமும் இருப்பதை முதலில் உறுதி செய்துவிட்டுப் பங்கு பிரியுங்கள்.

● பணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவிக்கு 15100, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களில் அழைக்கலாம்.

விசு இதற்குப் பிறகு என்ன செய்தார்?

கூட்டுக்குடும்பக் கணக்கை விசு இதோடு விடவில்லை. 1990-ல் ‘வரவு நல்ல உறவு’ எடுத்தார். அதிலும் அப்பா, பிள்ளைகள், பணம்தான். திரையில் பேசியதைப் பிறகு மேடையில் பேச வைத்தார். ‘அரட்டை அரங்கம்’ நிகழ்ச்சியில் ஊர் ஊராகப் போய் சாதாரண மக்கள் கையில் மைக்கைக் கொடுத்தார். மாமியார், மருமகள், கைவிடப்பட்ட அப்பாக்கள் என்று அம்மையப்ப முதலியார் வீட்டு ஆட்களே நிஜத்தில் எழுந்து நின்று பேசியதைத் தமிழ்நாடு ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தது.

சிதம்பரமாக வாழ்ந்த ரகுவரன் 2008 மார்ச் 19-ல் மறைந்தார். மனோரமா 2015-ல் மறைந்தார். விசு மறைந்தது 2020 மார்ச் 22. நாடே மக்கள் ஊரடங்குக்காக வீட்டுக்குள் இருந்த ஞாயிற்றுக்கிழமை அது. அதற்கடுத்த மாதங்களில், தனிக்குடித்தனம் போன பல பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு அப்பா அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தார்கள். ஒரே வீட்டில் மறுபடி எல்லோரும். மறுபடி அதே பாசம், அதே கணக்கு, அதே உரசல்.

கடைசியாக...

அடுத்த தடவை டிவியில் இந்தப் படம் போட்டால் சிரிப்புக் காட்சியோடு எழுந்து போய்விடாதீர்கள். உமா கடைசியில் பேசும் இடம்வரை இருங்கள். முடிந்தால் அப்பா, அம்மா, அண்ணன், தங்கச்சி எல்லோரும் இருக்கும்போது பாருங்கள். படம் முடிந்ததும் ‘நம்ம வீட்டுல இது எப்படி?’ என்று யாராவது ஒருவர் ஆரம்பிக்கலாம். அந்தப் பேச்சைக் கோடு விழுந்த பிறகு ஆரம்பிப்பது ரொம்பக் கஷ்டம். சாப்பிட்ட தட்டு காய்வதற்குள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பிப்பது சுலபம்.